கறுப்புத் திரையும் கை நடுக்கமும்

இம்முறை வந்த கேள்விகளை அடுக்கியபோது ஒரு கட்டு மட்டும் தனியாகப் பருத்து நின்றது. எல்லாம் ஏறக்குறைய ஒரே கதை. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும். இரண்டுக்கும் நடுவே கிரப் என்னும் பூட்லோடர், அதாவது கணினியை இயக்கியதும் எந்த இயங்குதளம் வேண்டும் என்று மெனு காட்டி அதைத் தொடங்கிவைக்கும் நிரல். அது செய்யும் முரண்டு. ஆகவே பக்கம் முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கட்டளைகளை வழக்கம்போல் ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன். தட்டச்சு செய்யும்போது கட்டளைகள் ஆங்கிலச் சிறிய எழுத்தில், அமைப்புக் கோப்பில் கிரப் என்று தொடங்கும் வரிகள் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். அடிக்கோடும் இணைப்புக்கோடும் ஒன்றல்ல. சென்ற முறை இதைச் சொல்லாமல் விட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது போதும்.

ஐயா, விண்டோஸ் இருந்த மடிக்கணினியில் லினக்ஸையும் நிறுவினேன். இப்போது தொடக்க மெனுவில் லினக்ஸ் மட்டுமே தெரிகிறது. விண்டோஸ் அழிந்துவிட்டதா? இறுதியாண்டுத் திட்ட வேலை முழுவதும் அதில்தான் இருக்கிறது.
– கல்லூரி மாணவர்

அழிந்திருக்காது, தம்பி. என்னை நம்ப வேண்டாம், கண்ணாலேயே பார்த்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கம் விண்டோஸ் பார்ட்டிஷன் (வட்டில் அதற்கென ஒதுக்கிய பகுதி) தெரியும். அதைச் சொடுக்கி, உங்கள் பெயரில் உள்ள கோப்புறைக்குள் போய், திட்ட வேலையைத் திறந்து பாருங்கள். திறந்ததா? தண்ணீர் குடித்துவிட்டு வந்து மிச்சத்தைப் படியுங்கள்.

கணினியில் வேறு என்னென்ன இயங்குதளங்கள் இருக்கின்றன என்று தேடி மெனுவில் சேர்ப்பது ஓஎஸ்-புரோபர் என்ற சிறு நிரல். முன்பெல்லாம் அது தானாகவே ஓடும். 2021-இல் வந்த கிரப் 2.06 பதிப்பிலிருந்து அதை இயல்பாகவே முடக்கி வைத்துவிட்டார்கள். கண்ட பார்ட்டிஷனையெல்லாம் திறந்து உள்ளே துழாவுவது பாதுகாப்புக்கு நல்லதல்ல என்பது காரணம். நியாயமான காரணம்தான். ஆனால் இரட்டை இயங்குதளக்காரர்களின் தலையில் அல்லவா அது விடிந்தது!

ஈடிசி கோப்புறைக்குள் டிஃபால்ட் என்ற கோப்புறை இருக்கிறது. அதற்குள் இருக்கும் கிரப் என்ற கோப்பை நிர்வாகி உரிமையுடன் திறந்து, கிரப்_டிசேபிள்_ஓஎஸ்_புரோபர்=ஃபால்ஸ் என்ற வரியைச் சேருங்கள். ஏற்கெனவே இருந்து, முன்னால் ஒரு '#' குறி இருந்தால், அந்தக் குறியை நீக்கினால் போதும். 'முடக்கு' என்பதற்கு 'பொய்' என்று எழுதினால் இயங்கும். இரண்டு எதிர்மறை ஓர் உடன்பாடு என்று இலக்கண வகுப்பில் படித்தது இங்கே உதவுகிறது.

பிறகு டெர்மினலில் (கட்டளை தட்டும் சாளரத்தில்) சூடோ அப்டேட்-கிரப் என்று கொடுங்கள். உபுண்டு, டெபியன், மின்ட் மூன்றுக்கும் இது பொருந்தும். ஃபெடோரா வகையில் கிரப்2-எம்கேகான்ஃபிக் என்ற கட்டளையை, எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கட்டளை ஓடும்போது வேறு வேலை பார்க்காமல் திரையைக் கவனியுங்கள். முதலில் கெர்னல்களின் (லினக்ஸின் மைய நிரல்களின்) பெயர்கள் வரும். பின்னர் 'ஃபவுண்ட் விண்டோஸ் பூட் மேனேஜர்' என்று ஒரு வரி வர வேண்டும். வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

வரவில்லையென்றால் சந்தேகப்பட வேண்டியது வேறு. தாய்ப்பலகையிலேயே பதிந்து, கணினி கிளம்பும்போது முதலில் ஓடும் நிரலுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். அதில் பயாஸ் பழைய முறை, யூஇஎஃப்ஐ புதிய முறை. விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையிலும் லினக்ஸ் பழைய பயாஸ் முறையிலும் நிறுவப்பட்டிருக்கலாம், அல்லது தலைகீழாக. பழைய முறையில் வட்டின் முதல் 512 பைட்டில்தான் எல்லாம்: 446 பைட் தொடக்க நிரலுக்கு, 64 பைட் பார்ட்டிஷன் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் முத்திரைக்கு. புதிய முறையில் தனியாக ஒரு ஃபேட் பார்ட்டிஷனில் ஒவ்வோர் இயங்குதளமும் தன் தொடக்கக் கோப்பை வைத்துக்கொள்கிறது. ஒரு முறையில் கிளம்பிய கணினி பாதி வழியில் மற்ற முறைக்குத் தாவ முடியாது. உங்கள் லினக்ஸ் எந்த முறையில் கிளம்பியது என்று அறிய, எஸ்ஒய்எஸ் கோப்புறைக்குள் ஃபர்ம்வேர், அதற்குள் ஈஎஃப்ஐ என்ற கோப்புறை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ.

இந்தக் கோளாறு எங்கே பிறக்கிறது தெரியுமா? நிறுவும் நாளில், பென் டிரைவைத் தேர்ந்தெடுக்கும் திரையில். ஒரே பென் டிரைவ் அங்கே இரண்டு முறை பட்டியலிடப்பட்டிருக்கும். ஒன்றின் முன்னால் யூஇஎஃப்ஐ என்று இருக்கும், மற்றதில் இருக்காது. அவசரத்தில் மேலே இருப்பதை அழுத்திவிடுகிறோம். உங்களுக்கும் அப்படி நேர்ந்திருந்தால், சரியான வரியைத் தேர்ந்து லினக்ஸை மறுபடி நிறுவுவதுதான் எனக்குப் பிடித்த வழி. இன்னும் அதில் நீங்கள் எதுவும் சேர்த்து வைக்கவில்லையே.

வீட்டில் நான் மட்டும் லினக்ஸ், மற்ற எல்லோரும் விண்டோஸ். கணினியை இயக்கிவிட்டு வேறு வேலையாக எழுந்து போய் வருவதற்குள் லினக்ஸ் திறந்து நிற்கிறது என்று தினமும் எனக்குத் திட்டு விழுகிறது. விண்டோஸை முதலில் வரச் செய்ய முடியுமா?
– குடும்பத்தில் சிறுபான்மையினன்

முடியும். அதே கோப்பில் கிரப்_டிஃபால்ட்=0 என்று ஒரு வரி இருக்கும். 0 என்றால் மெனுவின் முதல் வரி. விண்டோஸ் நான்காவது வரியில் இருந்தால் 3 என்று எழுத வேண்டும். இப்படித்தான் எல்லோரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னேன். இப்போது சொல்வதில்லை.

என் கணினியில் 3 என்று எழுதி நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் தேவையில்லை என்று நினைவகச் சோதனை நிரலை நீக்கினேன். மெனுவில் அதற்கென இருந்த வரியும் போய், கீழே இருந்தவை ஒரு படி மேலேறின. மறுநாள் கணினியை இயக்கினால் நேராக ஃபர்ம்வேர் அமைப்புப் பக்கம் வந்து நிற்கிறது. அணைத்து இயக்கினாலும் அங்கேயே. தாய்ப்பலகை பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டி, புதியது வாங்கத் தொகையெல்லாம் கணக்கிட்ட பிறகுதான் உறைத்தது: விண்டோஸுக்கு அடுத்த வரி 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்'. நான் எழுதிய 3 இப்போது அதைக் குறிக்கிறது!

ஆகவே எண் வேண்டாம். மெனுவில் விண்டோஸ் வரி எப்படி இருக்கிறதோ, அடைப்புக்குறி, இடைவெளி உட்பட அப்படியே, மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். வரிசை மாறினாலும் பெயர் மாறாது. எழுதிய பிறகு அப்டேட்-கிரப் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளை உருவாக்கும் கிரப்.சிஎஃப்ஜி என்ற கோப்பை நேரடியாகத் திருத்த ஆசைப்படாதீர்கள். 'இந்தக் கோப்பைத் திருத்தாதே' என்று அதன் தலையிலேயே எழுதியிருக்கும். அடுத்த கெர்னல் வந்ததும் உங்கள் திருத்தம் காணாமல் போகும்.

வீட்டில் சண்டை இரு தரப்பிலும் சமபலமாக இருந்தால் இன்னொரு வழி உண்டு. கிரப்_டிஃபால்ட்=சேவ்டு என்றும், கிரப்_சேவ்டிஃபால்ட்=ட்ரூ என்றும் எழுதினால், கடைசியாக யார் எதைத் தேர்ந்தெடுத்தார்களோ அதுவே அடுத்த முறையும் வரும். லினக்ஸ் பார்ட்டிஷன் பிடிஆர்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையில் இருந்தால் இது பொதுவாகப் பலிக்காது. அங்கே கிரப்பால் படிக்க முடியும், எழுத முடியாது.

காத்திருக்கும் நேரம் கிரப்_டைம்அவுட் வரியில் இருக்கிறது. -1 என்று எழுதினால் யாராவது வந்து எண்டர் தட்டும்வரை மெனு அப்படியே நிற்கும். எழுந்து போகும் பழக்கமுள்ள வீட்டுக்கு அதுவும் தோதுதான். ஒரு விஷயம் சொல்லி வைக்கிறேன்: உபுண்டுவில் மின்சாரம் பாதியில் போய்க் கணினி அணைந்தால், அடுத்த முறை மெனு 30 நொடி காத்திருக்கும். உங்கள் அமைப்பு பாழாகிவிட்டதாக எண்ணிவிடாதீர்கள். சென்ற முறை சரியாகத் தொடங்கி முடியவில்லை என்று கிரப் குறித்து வைத்துக்கொண்டு, சரிசெய்ய உங்களுக்கு அவகாசம் தருகிறது.

ஒவ்வொரு முறை லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போகும்போதும் கடிகாரம் தவறாகக் காட்டுகிறது. தாய்ப்பலகையின் பேட்டரியை மாற்றியும் பயனில்லை.

பேட்டரி பாவம், அது ஒன்றும் செய்யவில்லை. கணினியின் உள்கடிகாரம் உலகப் பொதுநேரத்தைக் காட்டுவதாக லினக்ஸ் கொள்கிறது. உள்ளூர் நேரத்தைக் காட்டுவதாக விண்டோஸ் கொள்கிறது. லினக்ஸையும் உள்ளூர் நேரத்துக்கு இசைய வைக்க, அதில் டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்று கொடுங்கள்.

லினக்ஸ் போதும் என்று தோன்றியதால் விண்டோஸில் இருந்தபடியே அதன் பார்ட்டிஷன்களை நீக்கிவிட்டேன். மறுபடி இயக்கினால் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்று ஒரு வரி. அதன் பக்கத்தில் ஒரு கோடு மின்னிக்கொண்டிருக்கிறது. கைகால் ஓடவில்லை. முப்பது ஆண்டுப் பாடக் குறிப்புகள் விண்டோஸில் இருக்கின்றன.
– ஓய்வுபெற்ற ஆசிரியை

அம்மா, முதலில் எதையும் மறுபடி நிறுவாதீர்கள். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்தால், 'ஃபார்மட் செய்ய வேண்டாம்' என்று எழுதியே கொடுங்கள். குறிப்புகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

நடந்தது இதுதான். கிரப் ஒரே துண்டாக ஓரிடத்தில் இருப்பதில்லை. தலை மட்டும் தொடக்கப் பகுதியில் இருக்கும். உடம்பு, அதாவது மெனுவும் மற்ற துணை நிரல்களும், லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். நீங்கள் உடம்பை நீக்கிவிட்டீர்கள். தலை விழித்துக்கொண்டு உடம்பைத் தேடுகிறது. விண்டோஸ் இந்தக் கூத்து எதிலும் சேரவில்லை.

கணினியை அணையுங்கள். இயக்கியவுடன் எஃப்12 விசையை விட்டு விட்டுத் தட்டுங்கள். தயாரிப்பாளரைப் பொறுத்து அது எஃப்9, எஃப்8, எஸ்கேப் என்று மாறும். வரும் பட்டியலில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' இருக்கும். அதைத் தேர்ந்து எண்டர் தட்டினால் உங்கள் மேசைத்திரை வந்துவிடும். பிறகு ஃபர்ம்வேர் அமைப்பில் நுழைந்து தொடக்க வரிசையில் அதை முதலிடத்துக்கு ஏற்றிவிடுங்கள். பட்டியலில் லினக்ஸின் பெயர் வெறும் பெயராகத் தங்கியிருக்கும். அதை நீக்கவும் வழி இருக்கிறது, ஆனால் நான் நீக்கச் சொல்ல மாட்டேன். தங்கட்டும். அது யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

கணினி பழைய பயாஸ் வகையாக இருந்தால் விண்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்று வேண்டும். அதிலிருந்து கிளம்பி, 'நிறுவு' என்ற பொத்தானைத் தொடாமல் 'ரிப்பேர்' பக்கம் போய், கமாண்ட் பிராம்ப்ட்டில் பூட்ரெக் /ஃபிக்ஸ்எம்பிஆர் என்று கொடுங்கள். மேலே சொன்ன அந்த முதல் 512 பைட்டில் தொடக்க நிரலை மட்டும் மாற்றி எழுதும். பார்ட்டிஷன் அட்டவணையைத் தொடாது.

உங்கள் பதற்றம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அதற்கு நான் ஒருமுறை முழு விலையும் கொடுத்தவன். கிரப் பரவுவதற்கு முன் லிலோ என்று ஒரு பூட்லோடர் இருந்தது. கணினி கிளம்பும்போது தன் பெயரை ஆங்கிலத்தில் எழுத்தெழுத்தாகத் திரையில் எழுதும்: எல், ஐ, எல், ஓ. ஒவ்வொரு கட்டம் தாண்டும்போது ஓர் எழுத்து. ஒருநாள் 'எல்', 'ஐ' இரண்டையும் எழுதிவிட்டு நின்றுவிட்டது. வட்டு செத்துப்போனது என்று நினைத்து, அன்றிரவே எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். இரண்டு ஆண்டுக் கடிதங்கள் போயின. பிற்பாடு கையேட்டைப் புரட்டியபோது தெரிந்தது: இரண்டு எழுத்தில் நின்றால், இரண்டாம் பகுதி வட்டிலிருந்து வந்துவிட்டது, ஓட முடியவில்லை என்று பொருள். கோப்புகள் வட்டில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதை லிலோ குறித்து வைத்திருக்கும். கோப்பை மாற்றினால் அந்தக் குறிப்பைப் புதுப்பிக்க வேண்டும். நான் லிலோவின் இரண்டாம் பகுதி இருந்த கோப்பை இடம் மாற்றிவிட்டுப் புதுப்பிக்க மறந்திருந்தேன். ஃபிளாப்பியிலிருந்து கிளம்பி ஒரே ஒரு கட்டளை கொடுத்திருந்தால் போதும். என்ன கெட்டது, எங்கே நின்றது என்று அந்த இரண்டு எழுத்தும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. படிக்கத் தெரியாதவன் நான்தான்.

இதே 'கிரப் ரெஸ்க்யூ', லினக்ஸை நீக்காதவர்களுக்கும் வரும். பார்ட்டிஷன் அளவை மாற்றும்போது அதன் எண் மாறிவிட்டால் தலைக்கு உடம்பு கிடைக்காது. அவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தத் திரையில் நான்கே கட்டளைகள்தாம் வேலை செய்யும்: எல்எஸ், செட், அன்செட், இன்ஸ்மாட். எல்எஸ் என்று தட்டினால் அடைப்புக்குறிகளுக்குள் வட்டுகளும் பார்ட்டிஷன்களும் வரிசையாக வரும். வட்டுகளை 0 முதலும் பார்ட்டிஷன்களை 1 முதலும் எண்ணுவது கிரப்பின் வழக்கம். ஏன் என்று கேட்காதீர்கள். எல்எஸ் போட்டு, இடைவெளி விட்டு, ஒவ்வொரு பார்ட்டிஷனாகக் கொடுத்துப் பாருங்கள். பலவற்றுக்குத் 'தெரியாத கோப்பு முறைமை' என்று பதில் வரும். ஒன்றில் மட்டும் ஈஎக்ஸ்டி2 என்று வரும். 'என்னுடையது ஈஎக்ஸ்டி4 ஆயிற்றே' என்று குழம்ப வேண்டாம். 2, 3, 4 மூன்றையும் அது அந்தப் பெயரால்தான் அழைக்கும். அதுதான் உங்கள் வீடு.

இனி நான்கு வரி. செட் ரூட்= என்று அந்தப் பார்ட்டிஷனைக் கொடுங்கள். செட் பிரிஃபிக்ஸ்= என்று அதே பார்ட்டிஷனையும், தொடர்ந்து பூட் கோப்புறைக்குள் உள்ள கிரப் என்ற பாதையையும் கொடுங்கள். சமக்குறியின் இருபுறமும் இடைவெளி கூடாது. பிறகு இன்ஸ்மாட் நார்மல். பிறகு நார்மல். பழகிய மெனு வந்து நிற்கும். உள்ளே போனதும் கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் இரண்டையும் கொடுத்தால்தான் இது நிலைக்கும். இல்லாவிட்டால் நாளைக் காலையும் இதே நான்கு வரி.

லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவில் எதையும் சேமிக்க முடியவில்லை. படிக்க மட்டுமே விடுகிறது.

விண்டோஸ் 8 முதல் 'ஷட் டவுன்' என்பது முழுமையான அணைப்பு அல்ல. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி பாதி நினைவை வட்டில் எழுதி வைத்துவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கும். தூங்குகிறவரின் சட்டைப்பையில் கை வைக்க லினக்ஸ் மறுக்கிறது; சரியான மறுப்பு. அந்த வசதியை விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸ் பகுதியில் முடக்குங்கள்.

விண்டோஸைப் புதுப்பித்த பிறகு லினக்ஸ் கிளம்பவில்லை. 'செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்' என்று திட்டுகிறது. வேண்டுமென்றே செய்கிறார்களா?

வேண்டுமென்றே என்று சொல்ல மாட்டேன். அக்கறை போதவில்லை என்று சொல்வேன். பெரும்பாலும் புதுப்பிப்புக்குப் பிறகு நடப்பது தொடக்க வரிசை மாறுவது மட்டும்தான். ஃபர்ம்வேரில் லினக்ஸை மறுபடி மேலே ஏற்றினால் போதும். உங்களுடையது வேறு. 2024 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதுப்பிப்பு, பாதுகாப்பு ஓட்டை உள்ள பழைய பூட்லோடர்களைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. இரட்டை இயங்குதளக் கணினிகளைத் தொடாது என்றார்கள். ஆனால் அப்படிப்பட்ட கணினி எது என்று கண்டுபிடிப்பதில் சறுக்கியதால் பலருடைய லினக்ஸ் நின்றுபோனது.

ஃபர்ம்வேரில் செக்யூர் பூட்டை (நம்பகமான பூட்லோடரை மட்டும் ஓடவிடும் காவலை) முடக்கி லினக்ஸுக்குள் நுழையுங்கள். சூடோ எம்ஓகேயூடில் --செட்-எஸ்பேட்-பாலிசி டிலீட் என்று கொடுங்கள். ஒருமுறை மறுபடி லினக்ஸையே துவக்குங்கள். நிலுவையிலுள்ள எல்லாப் புதுப்பிப்புகளையும் லினக்ஸில் போட்டு முடித்தபின் செக்யூர் பூட்டைத் திரும்ப இயக்குங்கள்.

ஆனால் இதில் கை வைக்கும் முன் ஒன்று. விண்டோஸில் வட்டையே மறையாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பாருங்கள். சில மடிக்கணினிகளில் நீங்கள் கேட்காமலேயே இயங்கிக்கொண்டிருக்கும். செக்யூர் பூட்டை மாற்றினாலோ, இடையில் கிரப் புகுந்தாலோ, 'யாரோ பூட்டில் கை வைத்திருக்கிறார்கள்' என்று அது சந்தேகப்பட்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி இல்லாவிட்டால் நானும் உதவ முடியாது, வேறு யாரும் உதவ முடியாது. அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் ஒரு கோப்பாக அல்ல. பிட்லாக்கர் உள்ளவர்கள் விண்டோஸை கிரப் வழியாகத் திறக்காமல், எஃப்12 பட்டியலிலிருந்து நேராகத் திறப்பது தொல்லை குறைந்த வழி.

கிரப் மெனுவுக்குக் கடவுச்சொல் போட்டால் பிள்ளைகள் உள்ளே நுழையாமல் தடுக்கலாமா?

மெனுவைத் திருத்தாமல் தடுக்கலாம். பென் டிரைவிலிருந்து கிளம்பத் தெரிந்த பிள்ளையை அது தடுக்காது. 2015 டிசம்பரில் ஒரு வேடிக்கை வெளிவந்தது: கிரப் பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் விசையை 28 முறை தட்டினால் கடவுச்சொல் இல்லாமலேயே ரெஸ்க்யூ திரைக்குள் விட்டுவிட்டது. அந்த ஓட்டையை எப்போதோ அடைத்துவிட்டார்கள். 28 வரை பொறுமையாக எண்ணித் தட்டும் பிள்ளை உங்களிடம் இருந்தால், உள்ளேயே விட்டுவிடலாம் என்பது என் கட்சி.

இரண்டையும் வெவ்வேறு வட்டில் நிறுவினால் இந்தத் தலைவலி இருக்காதா?

வெகுவாகக் குறையும். இரண்டாவது வட்டுக்கு இடம் உள்ள கணினியென்றால் நானும் அதைத்தான் செய்வேன். ஆனால் லினக்ஸை நிறுவும்போது விண்டோஸ் வட்டின் இணைப்பைக் கழற்றிவிடுங்கள், அல்லது ஃபர்ம்வேரில் முடக்குங்கள். இரண்டாம் வட்டைக் காட்டிய பிறகும், தொடக்கக் கோப்பை மட்டும் முதல் வட்டில் கொண்டுபோய் வைக்கும் நிறுவிகளைப் பார்த்திருக்கிறேன். பிறகு ஒருநாள் அந்த முதல் வட்டைக் கழற்றும்போது, எனக்கு மறுபடி கடிதம் எழுதுவீர்கள்.